சுகிஹாரா: மேலிடம் 'கூடாது' என்ற பிறகும் 2,000-க்கும் மேற்பட்ட விசா போட்டுக் கொடுத்த ஜப்பான் அதிகாரி

விசாவுக்கு அப்ளை பண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் நம் ஃபைலைப் புரட்டுகிற அந்த மூன்று, நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்று. ரிஜெக்ட் ஆனால் கட்டிய ஃபீஸ் போகும், சேர வேண்டிய செமஸ்டர் தள்ளிப்போகும். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொள்வோம்.

1940 ஜூலைக் கடைசியில், லிதுவேனியா நாட்டின் காவ்னஸ் நகரத்தில், ஒரு மாடி வீட்டின் வேலிக்கு வெளியே நின்ற கூட்டத்துக்கு அடுத்த வருஷம் என்பது இல்லை. அந்த வீடுதான் ஜப்பானின் துணைத் தூதரகம். உள்ளே இருந்த அதிகாரி சியுனே சுகிஹாரா, அப்போது வயது 40. சுமார் ஒரு மாதத்தில் அவர் எழுதிக் கொடுத்த டிரான்சிட் விசாக்கள் இன்றைக்கும் பேசப்படுகின்றன.

அவர் கதையைச் சொல்லும்போது பலரும் அவருடைய நல்ல மனசோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நல்ல மனசு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு விசா எப்படி வேலை செய்கிறது, எந்தக் காகிதம் எந்தக் காகிதத்தைத் திறக்கும் என்பதைப் புரிந்துகொண்டால்தான் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது பிடிபடும்.

விடைத்தாளில் பெயர் மட்டும்

1900 ஜனவரி 1-ம் தேதி, ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் பிறந்தவர் சுகிஹாரா. அப்பா வரித்துறை ஊழியர். பையன் டாக்டராக வேண்டும் என்பது அவருடைய கனவு. (இந்த இடத்தில் நம்மில் பாதிப் பேருக்குக் கதை பழகினதாகத் தெரியும்.) பையனுக்கு அதில் துளியும் ஆசையில்லை. நேருக்கு நேர் எதிர்க்காமல், மருத்துவப் படிப்புக்கான நுழைவுத்தேர்வில் விடைத்தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். 1918-ல் டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்தார். வீட்டிலிருந்து பணம் வரவில்லை. கிடைத்த பகுதிநேர வேலைகளைச் செய்து ஒப்பேற்றினார்.

அடுத்த வருடம், வெளிநாட்டில் மொழி படிக்க உதவித்தொகை தருவதாக வெளியுறவுத்துறை கொடுத்திருந்த விளம்பரம் கண்ணில் பட்டது. எழுதித் தேறினார். அனுப்பப்பட்ட இடம் மஞ்சூரியாவில் உள்ள ஹார்பின். ரஷ்யப் புரட்சியில் தப்பி வந்த ரஷ்யர்கள் நிறைந்த ஊர் அது. அங்கே ரஷ்ய மொழியைத் தாய்மொழி போலப் பேசுகிற அளவுக்குக் கற்றார். ஒரு ரஷ்யப் பெண்ணை மணந்தார், பின்னாளில் அந்தத் திருமணம் முறிந்தது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத்துக்கு மாறியதும் இந்தக் காலத்தில்தான்.

1930-களில் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்துத் தன் கைப்பாவை அரசு ஒன்றை உட்கார வைத்தது. அதன் வெளியுறவு அலுவலகத்தில் சுகிஹாரா வேலை பார்த்தார். வடக்கு மஞ்சூரிய ரயில்வேயை சோவியத்திடமிருந்து விலைக்கு வாங்கும் பேச்சுவார்த்தையில் அவர் புள்ளிவிவரங்களோடு உட்கார்ந்து விலையைக் கணிசமாக இறக்கினார். பெரிய பதவி வந்திருக்கும். ஆனால் 1935-ல் ராஜினாமா செய்தார். சீன மக்களை ஜப்பானியர்கள் நடத்திய விதம் பிடிக்கவில்லை என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். ஜப்பான் திரும்பி யுகிகோ என்ற பெண்ணை மணந்தார்.

அந்த ரயில்வே பேரத்தை மாஸ்கோ மறக்கவில்லை. 1937-ல் மாஸ்கோ தூதரகத்துக்கு அவரை மாற்றியபோது சோவியத் அரசு அவருக்கு விசா தர மறுத்துவிட்டது. ஆமாம், பின்னாளில் விசாவுக்காகவே பெயர் வாங்கப்போகிறவரின் விசாவே ரிஜெக்ட். ஜப்பான் கேள்வி கேட்டும் பலனில்லை. கடைசியில் ஃபின்லாந்தின் ஹெல்சின்கிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து 1939 இலையுதிர்காலத்தில் காவ்னஸுக்கு.

காவ்னஸில் அப்போது ஜப்பானியர்களே கிடையாது. பிறகு எதற்குத் தூதரகம்? உளவுக்கு. ஜெர்மனியும் சோவியத்தும் தங்கள் படைகளை எந்தப் பக்கம் நகர்த்துகின்றன என்று பார்த்து டோக்கியோவுக்குச் சொல்ல ரஷ்ய மொழி தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. போலந்தின் ரகசிய உளவாளிகளோடும் சுகிஹாராவுக்குத் தொடர்பு இருந்தது. விசா கொடுப்பது அவருக்குப் பக்க வேலை மாதிரி.

எல்லாக் கதவும் மூடியிருந்தது

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை மேற்கிலிருந்தும் ஸ்டாலினின் படை கிழக்கிலிருந்தும் போலந்துக்குள் புகுந்தன. தப்பிய யூதர்களில் சுமார் 15,000 பேர் பக்கத்து நாடான லிதுவேனியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1940 ஜூனில் சோவியத் படை அங்கேயும் வந்துவிட்டது.

வேறு நாட்டுக்குப் போகலாமே என்று இன்றைக்கு எளிதாகக் கேட்டுவிடலாம். போலந்தில் பிறந்தவர்களுக்கு அமெரிக்கா வைத்திருந்த கோட்டா வருடத்துக்கு 6,524 பேர். அதற்கு வரிசையில் நின்றவர்கள் பல மடங்கு. பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டன், ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தமே 75,000 யூதர்கள்தான் வரலாம் என்று 1939 மே மாதம் வரம்பு கட்டியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் ஃபிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசி, அனுதாபப்பட்டு, ஏறக்குறைய யாருமே கதவைத் திறக்காமல் கலைந்தன. போதாததற்கு, வெளிநாட்டுத் தூதரகங்கள் எல்லாம் ஆகஸ்ட் 25-க்குள் காவ்னஸை விட்டு மூட்டை கட்ட வேண்டும் என்று சோவியத் உத்தரவு போட்டது.

மேற்கே போனால் ஹிட்லர். மிச்சமிருந்த ஒரே வழி கிழக்கு: சோவியத்தைக் குறுக்கே கடந்து, ஜப்பான் போய், அங்கிருந்து எங்காவது.

மூன்று பூட்டு, ஒரு சாவி

இங்கேதான் கதையின் முடிச்சு. சோவியத்தை விட்டு வெளியேற அனுமதி வேண்டும் என்றால், அடுத்த நாடான ஜப்பான் உங்களை உள்ளே விடும் என்று காட்ட வேண்டும். ஜப்பான் உங்களுக்கு டிரான்சிட் விசா தர வேண்டும் என்றால், அதற்கடுத்து நீங்கள் போய்ச் சேரும் நாட்டின் அனுமதியைக் காட்ட வேண்டும். கூடவே வழிச்செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் வேண்டும். டிரான்சிட் விசா என்பதே 'இங்கே தங்க மாட்டேன், கடந்து போய்விடுவேன்' என்ற உறுதியின் பேரில் கொடுப்பதுதானே. கடைசி நாடு இல்லையென்றால் நடு நாடு இல்லை, நடு நாடு இல்லையென்றால் புறப்படவே முடியாது. அந்தக் கடைசி நாட்டுக்கு எங்கே போவது?

பதில் வந்தது யாரும் நினைத்துப் பார்க்காத ஓர் இடத்திலிருந்து: தென் அமெரிக்காவுக்கு வடக்கே, கரீபியக் கடலில், நெதர்லாந்துக்குச் சொந்தமான குராசாவ் தீவு. பெஸ்லா லெவின் என்ற, நெதர்லாந்தில் பிறந்த பெண் ரிகா நகரில் இருந்த டச்சுத் தூதர் டி டெக்கருக்கு எழுதிக் கேட்டார். குராசாவுக்கும் சுரினாமுக்கும் விசா என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் கரையிறங்க அந்தந்த ஆளுநரின் அனுமதி வேண்டும், அது அபூர்வமாகத்தான் கிடைக்கும். இந்த இரண்டு வாக்கியத்தில் இரண்டாவதை டி டெக்கர் எழுதாமல் விட்டுவிட்டார். குராசாவ் செல்ல விசா தேவையில்லை என்பது மட்டும் அவருடைய பாஸ்போர்ட்டில் பதிவானது. எழுதியது அத்தனையும் உண்மை. எழுதாமல் விட்டதுதான் உயிரைக் காப்பாற்றியது!

காவ்னஸில் டச்சுக் கௌரவத் தூதராக இருந்தவர் யான் ஸ்வார்ட்டெண்டைக். தொழில்முறை தூதர்கூட இல்லை. பிலிப்ஸ் நிறுவனத்தின் ரேடியோ வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1940 ஜூனில்தான் அந்தப் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது. கேட்டு வந்த எல்லோருக்கும் அதே அரை வாக்கியத்தை எழுதிக் கொடுத்தார். ஆகஸ்ட் 3-ம் தேதி அவர் அலுவலகம் மூடப்படுவதற்குள், பத்துப் பதினொரு நாட்களில், 2,000-க்கும் மேற்பட்ட பேருக்கு. சுகிஹாராவை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த மனிதரை மறந்துவிடுவது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது. இவர் காகிதம் இல்லையென்றால் சுகிஹாராவிடம் போய் நிற்பதற்கே முகாந்திரம் இருந்திருக்காது.

டோக்கியோவின் பதில்

ஜூலைக் கடைசி வாரத்தில் ஜப்பான் தூதரக வாசலில் கூட்டம் கூடியது. அவர்கள் சார்பாகச் சிலரை மட்டும் உள்ளே அழைத்துப் பேசினார் சுகிஹாரா. பேச வந்தவர்களில் ஒருவர் செராஹ் வார்ஹாஃப்டிக் என்ற வழக்கறிஞர். பின்னாளில் இஸ்ரேலின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவராகி, அமைச்சராகவும் ஆனவர்.

சுகிஹாரா சட்டென்று பேனாவை எடுத்துவிடவில்லை. முறைப்படி டோக்கியோவிடம் அனுமதி கேட்டுத் தந்தி அடித்தார். குடும்பத்தார் சொல்வதன்படி மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் மறுப்பு. விதி விதிதான்: சேரும் நாட்டின் முறையான அனுமதி இருக்க வேண்டும், கையில் பணம் இருக்க வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோரிடம் இரண்டும் இல்லை. குராசாவ் காகிதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது சுகிஹாராவுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? சிலரிடம் அதுகூட இல்லை.

வீட்டில் மனைவி, மூன்று சின்னக் குழந்தைகள். கடைசிக் குழந்தை பிறந்து சில மாதங்கள்தான். வேலை போகும் என்பது தெரியும், ஜெர்மனிக்கும் தன் நாட்டுக்கும் நெருக்கம் கூடிக்கொண்டிருப்பதும் தெரியும். யுகிகோவோடு பேசி முடிவெடுத்தார். கொடுப்பது என்று.

அதற்கு முன் இன்னொரு காரியம். இந்த விசா வைத்திருப்பவர்கள் சோவியத் வழியாகப் போக முடியுமா என்று சோவியத் அதிகாரிகளிடம் பேசினார். அவருடைய ரஷ்ய மொழி இங்கே கை கொடுத்தது. அவர்களுக்கும் லாபம் இருந்தது. ரயில் டிக்கெட் பணத்தை அரசுப் பயண நிறுவனமான இன்டூரிஸ்ட் டாலரில் வாங்கும். ஆனால் டாலர் வைத்திருப்பதே சோவியத்தில் குற்றம். இந்த விசித்திரத்தை எப்படிச் சமாளிப்பது என்பது அகதிகளின் தலைவலி. பலருக்கு அமெரிக்க யூத உதவி அமைப்புகளின் பணம் வந்து சேர்ந்தது.

பிறகு எழுத ஆரம்பித்தார். இன்றைய மாதிரி பிரின்ட் எடுத்து ஒட்டுகிற ஸ்டிக்கர் கிடையாது. ஒவ்வொரு விசாவையும் ஜப்பானிய எழுத்தில், பேனாவால், பெயர், தேதி, சேருமிடம் எல்லாம் போட்டு எழுதி முத்திரை வைக்க வேண்டும். நாளுக்கு 18 மணி நேரம்கூட எழுதினார் என்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. சாதாரணமாக ஒரு மாதத்தில் கொடுக்கிற அளவு விசாவை ஒரே நாளில் கொடுத்தார். இரவில் மனைவி கையைப் பிடித்துவிடுவார். முதலில் வரிசை எண் போட்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தவர், பிறகு நேரம் மிச்சமாகட்டும் என்று அதையும் விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் நடுவில் டோக்கியோவிலிருந்து கடுகடுப்பான தந்தி. நீங்கள் விசா கொடுத்த ஆட்கள் போதிய பணமில்லாமல், போகும் நாட்டு ஏற்பாடு முடியாமல் இங்கே வந்து நிற்கிறார்கள், விதிப்படி நடங்கள் என்ற பொருளில். சுகிஹாராவின் பதில் ஒரு தேர்ந்த அரசு ஊழியரின் பதில். பக்கத்தில் வேறு நாட்டுத் தூதரகங்கள் இல்லை, ஜப்பான் ஒன்றுதான் வழி, அதனால் கொடுத்தேன், கப்பல் ஏறுவதற்குள் மற்ற ஏற்பாடுகளைச் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்று விளக்கம் அனுப்பினார். அந்த விளக்கம் போய்க்கொண்டிருக்கும்போதும் விசா போய்க்கொண்டிருந்தது.

தூதரகத்தை மூடிவிட்டு ஒரு ஹோட்டலுக்கு மாறினார். அங்கேயும் ஆட்கள் தேடி வந்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் பெர்லின் ரயிலில் ஏறிய பிறகும், வண்டி கிளம்பும்வரை ஜன்னல் வழியே எழுதிக் கொடுத்தார் என்று குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

விசா கிடைத்தால் போதுமா?

போதாது. சோவியத்தின் வெளியேறும் அனுமதிக்கு ரகசியப் போலீஸிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்டை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுப்பவனைத் துரோகி என்று முத்திரை குத்திச் சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டால்? அந்தப் பயத்தில் விசாவைப் பையில் வைத்துக்கொண்டே விண்ணப்பிக்காமல் இருந்தவர்களும் உண்டு.

அனுமதி கிடைத்தவர்கள் மாஸ்கோவிலிருந்து விளாதிவோஸ்தோக் வரை 9,000 கிலோமீட்டருக்கும் மேல் டிரான்ஸ் சைபீரியன் ரயிலில் போனார்கள். அங்கிருந்து ஆட்டம் போடுகிற கடலில் கப்பல், ஜப்பானின் சுருகா துறைமுகம், பிறகு கோபே நகரம். கோபேயில் இருந்த சின்ன யூதச் சமூகம் அவர்களைத் தாங்கியது. சில நாட்கள் மட்டுமே செல்லுபடியாகும் டிரான்சிட் விசாவில் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். செட்சுஸோ கோட்சுஜி என்ற ஹீப்ரு மொழி அறிஞர் அதிகாரிகளிடம் பேசி விசா நீட்டிப்புக்கு வழி செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பலர் அமெரிக்கா, கனடா, பாலஸ்தீனம் என்று கிளம்பினார்கள். போக்கிடம் கிடைக்காத சுமார் 1,000 பேரை 1941-ல் ஜப்பான், தன் கட்டுப்பாட்டில் இருந்த ஷாங்காய்க்கு அனுப்பியது. அங்கே வறுமையும் நோயும் இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தார்கள். மிர் என்ற ஊரின் புகழ்பெற்ற யூத வேதபாடசாலை மாணவர்களும் ஆசிரியர்களும் ஏறக்குறைய மொத்தமாகத் தப்பியது இந்த வழியில்தான்.

வேடிக்கை என்னவென்றால், குராசாவ் போகிறேன் என்று விசா வாங்கிய இந்த அகதிகள் குராசாவில் போய் இறங்கவில்லை.

1941 ஜூன் 22-ல் ஜெர்மனி சோவியத் மீது பாய்ந்தது. லிதுவேனியாவில் இருந்த யூதர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் கொல்லப்பட்டார்கள். விசா கையிலிருந்தும் கிளம்ப முடியாமல் போனவர்களும் அதில் அடக்கம்.

எத்தனை பேரைக் காப்பாற்றினார்? இணையத்தில் 6,000, 10,000 என்று பலவிதமாகச் சுற்றுகிறது. டோக்கியோ கேட்டதால் 1941-ல் சுகிஹாராவே அனுப்பிய பட்டியலில் 2,100-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஒரு விசாவில் மனைவி, குழந்தைகளும் சேர்ந்து பயணிக்கலாம் என்பதால் எண்ணிக்கை கூடும். விசாவைப் பயன்படுத்த முடியாதவர்களைக் கழித்தால் குறையும். சில ஆயிரம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

பல்பு விற்ற தூதர்

விசா போட்டதற்காக மறுநாளே வேலையைப் பறித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ப்ராக், கோனிக்ஸ்பெர்க், புகாரெஸ்ட் என்று போர் முடியும்வரை அவர் பணியில் தொடர்ந்தார். புகாரெஸ்டுக்கு சோவியத் படை வந்ததும் குடும்பத்தோடு பிடிபட்டு முகாம்களில் இருந்தார். 1947-ல் ஜப்பான் திரும்பியபோது வெளியுறவுத்துறை ராஜினாமா செய்யச் சொன்னது. ஆள் குறைப்பு என்பது அரசு சொன்ன காரணம். தோற்றுப்போன, வெளிநாட்டவர் ஆட்சியில் இருந்த ஜப்பானில் அப்படிப் பலர் வேலை இழந்ததும் உண்மை. லிதுவேனியா விவகாரம்தான் காரணம் என்பது யுகிகோவின் தரப்பு. இரண்டுமே கலந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அதே வருடம், காவ்னஸில் பிறந்த மகன் ஏழு வயதில் இறந்துபோனான்.

47 வயதில் வேலையில்லை. வீடு வீடாகப் போய் மின்சார பல்பு விற்றார். அமெரிக்க ராணுவத்தின் கடையில் வேலை பார்த்தார். பிறகு ரஷ்ய மொழி தெரிந்த காரணத்தால் ஒரு வர்த்தக நிறுவனம் மாஸ்கோவுக்கு அனுப்ப, குடும்பத்தை ஜப்பானில் விட்டுவிட்டு 15 வருடங்களுக்கு மேல் பெரும்பாலும் அங்கேயே இருந்தார். ஒரு காலத்தில் விசா மறுத்த அதே மாஸ்கோ.

அவரை உயிர் பிழைத்தவர்கள் தேடாமல் இல்லை. 'சியுனே' என்பது வெளிநாட்டவர் வாயில் நுழையாது என்று, அதே எழுத்துக்களின் இன்னொரு உச்சரிப்பான 'செம்போ' என்று அவர் தன்னை அழைக்கச் சொல்லியிருந்தார். போருக்குப் பிறகு செம்போ சுகிஹாரா எங்கே என்று கேட்டவர்களுக்கு, அப்படி ஒருவர் எங்களிடம் வேலை பார்த்ததில்லை என்றது ஜப்பான் வெளியுறவுத்துறை. 1968-ல்தான், அவர் விசாவில் தப்பிய யெஹோஷுவா நிஷ்ரி, டோக்கியோவில் இஸ்ரேல் தூதரக அதிகாரியாக இருந்தபோது அவரைக் கண்டுபிடித்தார். தான் கொடுத்த காகிதம் எத்தனை பேருக்கு வேலை செய்தது என்பதே அதுவரை சுகிஹாராவுக்குச் சரியாகத் தெரியாது. மறுவருடம் இஸ்ரேல் போனபோது அவரை வரவேற்றவர், அமைச்சராகியிருந்த வார்ஹாஃப்டிக்.

யூதர்களைக் காப்பாற்றிய பிற இனத்தவருக்கு இஸ்ரேல் தரும் உயரிய அங்கீகாரம் 1984-ல் அறிவிக்கப்பட்டு, 1985-ல் வழங்கப்பட்டது. உடம்புக்கு முடியாததால் மனைவியும் மகனும் போய் வாங்கினார்கள். 1986 ஜூலை 31-ல் சுகிஹாரா காலமானார். இறுதிச்சடங்குக்கு இஸ்ரேல் தூதர் வந்து நின்றபோதுதான், பக்கத்து வீட்டில் இருந்தவர் யார் என்பதே அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தது என்பார்கள். ஸ்வார்ட்டெண்டைக் அதற்குப் பத்து வருடம் முன்பே இறந்திருந்தார். அவருக்கு அதே அங்கீகாரம் கிடைத்தது 1997-ல். ஜப்பான் வெளியுறவு அமைச்சர், சுகிஹாரா குடும்பத்தை நடத்திய விதத்துக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது 2000-ம் ஆண்டில்.

அந்த விசாவில் வந்த குழந்தைகளில் ஒருவர் லியோ மெலமெட். அமெரிக்கா போய்ச் சேர்ந்து, சிகாகோ மெர்கன்டைல் எக்ஸ்சேஞ்சின் தலைவராகி, இன்று ஷேர் மார்க்கெட்டில் எஃப் அண்ட் ஓ என்று நாம் பேசுகிற நிதி ஃபியூச்சர்ஸ் சந்தையை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

காவ்னஸில் சுகிஹாரா விசா எழுதிய வீடு இப்போது அருங்காட்சியகம். அவருடைய மேஜை இருந்த அறையை அன்றைய அலுவலகம் போலவே வைத்திருக்கிறார்கள். லிதுவேனியா ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால், நம்மிடம் ஷெங்கன் விசா இருந்தால் போய்ப் பார்க்கலாம்.